ஏழேகாலுக்கு முன்னால்

இல்லை அய்யா, பெட்டி என் மடியிலேயே இருக்கட்டும். மேல் தட்டில் வைத்தால் பஸ் கழுகுமலை போய்ச் சேர்வதற்குள் உங்கள் தலையில் விழும். அப்புறம் அதுவும் ஓர் அநியாயமாகி என் வரிசையில் சேரும். எங்கள் நூல் மில்லில் நடந்த அநியாயங்களை நான் வரிசையாக வைத்திருக்கிறேன். மொத்தம் ஆறு. எந்தக் கூட்டத்திலும் வரிசை மாற்றிச் சொன்னதில்லை.

ஒன்று. எழுபத்தாறாம் வருடம். பஞ்சு சீவுகிற கார்டிங் பிரிவில் ஒரு தொழிலாளியின் வலது கை ரோலருக்குள் போனது. கையை எடுக்கிறேன் என்று சூப்பர்வைசர் மெஷினைத் திருப்பிச் சுற்றச் சொன்னான். திருப்பிச் சுற்றியதில் முழங்கைக்கு மேலே இருந்ததும் போனது. அன்றைக்கு அவனுக்கு அரை நாள் லீவு போட்டார்கள்.

இரண்டு. எண்பத்தொன்று. மில் கேட்டில் தர்ணா உட்கார்ந்திருந்த ரீலிங் பிரிவுப் பெண்களைக் கூந்தலைப் பிடித்துத் தார் ரோட்டில் இழுத்தார்கள். முடி ரோட்டில் கிடந்தது. நான் பொறுக்கி ஒரு தாளில் மடித்து லேபர் ஆபீசர் மேஜையில் வைத்தேன்.

மூன்று. எண்பத்தைந்து. ஒரு துண்டுப் பிரசுரம் விநியோகித்ததற்காகப் பதினோரு பேர் டிஸ்மிஸ். பிரசுரம் நான் எழுதியது. நான் படித்த படிப்பெல்லாம் பிரசுரம்தான் அய்யா. பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி.

நான்கு. எண்பத்தொன்பது. சங்க ஆபீசுக்குள் ஆசிட் பல்பு வீசினார்கள். இந்தக் காது அப்போது போனதுதான். பார்க்கலாம், கூச்சப்படாதீர்கள்.

ஐந்து. தொண்ணூற்று நாலு, பொங்கல் கழிந்த நாலாம் நாள். கதவடைப்பு. எண்ணூறு குடும்பம்.

ஆறாவதைத்தான் சொல்ல வருகிறேன். பால்வண்ணன். எங்கள் சங்கச் செயலாளர். அதே வருடம் மாசி மாதம் வெட்டினார்கள்.

பெட்டிக்கும் வெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறீர்கள். சொல்கிறேன்.

நான் மில்லில் எலெக்ட்ரீஷியன். சர்க்கார் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவன். ஹாம் ரேடியோ என்றால், வீட்டில் ஒரு செட்டை வைத்துக்கொண்டு ஊர் ஊராக, நாடு நாடாக வானொலியில் பேசிக்கொள்வது. வாயாலும் பேசலாம், கட்டுக் கட்டென்று தந்தி மாதிரி மோர்ஸிலும் அடிக்கலாம். எங்கள் வட்டாரத்தில் இரண்டே பேர். நான் ஒருவன். சவரிராயன் ஒருவன். அவன் அதே மில்லில் ஃபிட்டர். எனக்கு ரேடியோவைக் கற்றுக் கொடுத்ததே அவன்தான். இரண்டு பேரும் ஒரே சிகரெட்டைப் பாதிப் பாதி குடித்தவர்கள்.

லைசென்ஸ் சட்டப்படி அரசியல் பேசக் கூடாது. பேசினேன். கதவடைப்புக் காலத்தில் ஊரில் இருந்த மூன்று போனும் முதலாளி கையில். செட்டு எங்கள் கையில். மோர்ஸில் அடித்தால் அடியாள் எவனுக்கும் புரியாது என்று நினைத்தோம். மில் செக்யூரிட்டியில் கப்பற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒயர்லெஸ் ஆள் ஒருவன் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியாது. பின்னால்தான் தெரிந்தது.

சங்கத்துக்கு ஏலத்தில் எடுத்த ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இதே பெட்டிதான். அதில் ஒரு லாக் புரோகிராம் போட்டிருந்தேன். யாரோடு பேசினோம், எந்த நிமிடம், என்ன பேசினோம் என்று ஹாம் ஆட்கள் எழுதி வைக்க வேண்டும். நேரத்தை நாம் எழுத வேண்டாம், மெஷினே போட்டுக்கொள்ளும். அமெரிக்காக்காரன் எவனோ எழுதிய புரோகிராம். அது லண்டன் நேரத்தில்தான் பதியும். நம் நேரம் வேண்டுமென்றால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லா ஹாமுக்கும் தெரிந்த விஷயம்.

பால்வண்ணன் தலைக்கு ஆள் சுற்றுகிறார்கள் என்றதும் அவனை ஒரு மிளகாய்த் தோட்டத்துப் பம்ப்செட் அறையில் வைத்தோம். இடம் தெரிந்தது எனக்கும் சவரிக்கும் தோட்டக்காரனுக்கும். சவரி வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம், பால்வண்ணனுக்குச் சாப்பாடு அந்த வீட்டிலிருந்துதான் போகும். காலை ஏழு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும், மோட்டார் ஓடும். மோட்டார் சத்தத்தில் ஜீப் வந்தது தெரியவில்லை. ஏழேகாலுக்கு வெட்டு விழுந்ததாகப் போலீஸ் ரிப்போர்ட். தோட்டக்காரனும் அதையேதான் சொன்னான். கரண்ட் வந்து கால் மணி நேரம். கழுத்தில் ஒன்று, தோளில் மூன்று, தடுத்த கையில் எண்ண முடியவில்லை. தொட்டியிலிருந்து வாய்க்காலில் சிவப்பாகத்தான் ஓடியது. மிளகாய்ப் பாத்தி நாலு நிறைந்த பிறகுதான் மோட்டாரை நிறுத்தினார்கள். உயிர் எட்டு மணி வரைக்கும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாட்டு வண்டியில் போனது.

சங்கத்து வேன் என்னிடம் நின்றது. நான் சங்க ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் காலை சவரி மோர்ஸில் கூப்பிட்டிருந்தான். ஒரே இரைச்சல். இரண்டு சொல்தான் பிடித்தேன். பால்வண்ணன், பம்ப்செட். இட்லி போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்கிறான் போல என நினைத்து, அந்த இரண்டு சொல்லையும் லாக்கில் தட்டினேன். கடிகாரம் பார்க்கவில்லை. மெஷின்தான் பார்க்குமே.

மத்தியானம் பிணத்தைக் கிடத்திவிட்டு வந்து லாக்கைப் பார்த்தேன். சவரியின் செய்தி, ஒன்று இருபது. ஐந்தரையைக் கூட்டுங்கள். ஆறு ஐம்பது. வெட்டுக்கு இருபத்தைந்து நிமிடம் முன்னால், பேரும் இடமும் சேர்த்து எவனும் கேட்கிற மாதிரி மோர்ஸில் அடித்திருக்கிறான். மில்லிலிருந்து ஜீப்பில் வர இருபது நிமிடம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. துரோகியின் பெயரைச் சாட்சிகள் முன்னால் உரக்க வாசிப்பது. வாசித்துவிட்டால் அந்த ஆளுக்கு ஒருவரும் தீப்பெட்டி கொடுக்க மாட்டார்கள், செத்தால் தூக்க மாட்டார்கள். சாட்சிகள் மினிட் புத்தகத்தில் முதலில் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் பெயர். கேட்டபின் சொந்தக்காரன், சம்பந்தக்காரன் என்று எவனும் நழுவக் கூடாது. அந்த விதியைப் போட்டது நான்.

சவரி பெயரை வாசிக்கக் கூட்டம் கூட்டினேன். பால்வண்ணன் சம்சாரம் கோமதி எழுந்து நின்றது. "அண்ணன், அன்னைக்கு அவுஹ தலையை மடியில வச்சு வண்டியில வந்தவரு சவரி அண்ணன். மெஷின்ல என்ன இருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு வெளங்குத மாதிரி எல்லாரு முன்னாலயும் காட்டுங்க. காட்டிட்டு வாசிங்க" என்றது.

காட்டியிருப்பேன். அந்த வாரமே போலீஸ் சங்க ஆபீசுக்குள் புகுந்து அடித்ததில் பெட்டியின் டிவி உடைந்தது, பெட்டி செத்தது. அதனால் பெயர் வாசிக்கவில்லை.

வேறு வழியில் தீர்த்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சவரியை ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டேன். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். வலது கையை மேஜைமேல் விரித்து வைத்து, பைப் ரெஞ்சால் ஒவ்வொரு விரலாக. மோர்ஸ் சாவியைத் தட்டிய விரல் மூன்று. மூன்றோடு நிறுத்தினேன். நான் காட்டுமிராண்டி இல்லை.

முதல் விரலுக்குக் கத்தினான். இரண்டாவதற்கு என் பெயரைச் சொல்லி, "சங்கிலி, நான் வேனைத்தான் வே கேட்டேன்" என்றான். மூன்றாவதற்குத் தலை மேஜைமேல் சாய்ந்தது. ஃபிட்டர் வேலைக்கு அந்தக் கை அப்புறம் உதவவில்லை.

அதை நான் அநியாய வரிசையில் சேர்க்கவில்லை. கேட்கிறீர்களே என்று சொல்கிறேன்.

முப்பது வருடம். இந்த மாசியில் பால்வண்ணனுக்கு நினைவுத்தூண் எழுப்புகிறார்கள். திறப்பு விழா நோட்டீசைப் பார்த்தேன். திறந்து வைப்பவர்: கே. சவரிராயன். கோமதி சொல்லித்தான் போட்டார்களாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கே இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பெரியவரே, இது எடைக்குப் போற சாமான். இரும்புக் கடை எதுத்தாப்புலதான் இருக்கு" என்றான். கைத்தடியால் அவன் கண்ணாடி ஷோகேஸை உடைத்தேன். அவன் உதட்டில் இரண்டு தையல். எழுபத்தைந்து வயசுக்கு மோசமில்லை.

ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அங்கே இருந்த ஏட்டுதான் சொன்னார், தங்கபுஷ்பம் அம்மாவைப் போய்ப் பாருங்கள் என்று. டெலிபோனில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரும் ஹாம். என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர், வாய் மட்டும் பெரியது.

"கம்பை வெளிய வச்சிட்டு வாங்க அண்ணாச்சி. கடையில நடந்ததை ஊரே பேசுது."

பெட்டியைத் திறந்தார். உள்ளே எலிப் புழுக்கை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, பிரஷ் போட்டுத் துடைத்து, ஏதோ ஒரு ஒயரில் மாட்டித் தன் லேப்டாப்பில் சொருகினார். முப்பது வருடம் தூங்கினது, கீச்சென்று கத்திவிட்டு எழுந்தது. லாக் இருந்தது அய்யா. முழுசாக இருந்தது. ஆனால் புரோகிராமைத் தட்டினால், இது இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று ஒரு கட்டம் வந்து நிற்கிறது. கதவடைப்பு அன்றைக்குக் கேட்டில் ஒட்டிய நோட்டீஸ் இதே அளவு, இதே தொனி.

"யாரைக் கேட்டு ஓடாதுங்கான்?"

"அது பதினாறு பிட்டுக் காலத்துப் புரோகிராம். இது அறுபத்தி நாலு. இதுக்கு அது பேசுத பேச்சே வெளங்காது."

"தொழிலாளிக்கு வயசாயிட்டா கேட்டுக்கு வெளியே. மெஷின்லயும் அதே நியாயந்தானா தாயி?"

"மேடை போடாதீங்க அண்ணாச்சி, டீ ஆறுது."

லாக்கை மட்டும் வேறு புரோகிராமில் திறக்கலாமா என்று பார்த்தார். திறந்தால் குப்பை குப்பையாக எழுத்து. எழுதியவன் தனக்கு மட்டும் தெரிந்த முறையில் பூட்டி வைத்திருக்கிறான். பூட்டியவனே வந்து திறக்க வேண்டும். அப்புறம் ஒன்று சொன்னார். புது மெஷினுக்குள்ளே ஒரு பழைய மெஷினை வேஷம் கட்டி உட்கார வைக்க வேண்டுமாம். அது தன்னைத் தொண்ணூற்று நாலு என்றே நம்பும். அதற்குள் விட்டால் புரோகிராம் எழுந்துகொள்ளும். எனக்கு அது பிடித்தது. நீங்களும் அப்படித்தானே இருக்கீங்க என்று அந்த அம்மா சொன்னது மட்டும் பிடிக்கவில்லை.

நாலு நாள் ஆனது. முதல் நாள் எழுந்தது, உடனே செத்தது. இரண்டாம் நாள் வேகம் தாங்காமல் எழுத்தெல்லாம் பறந்தது. வேகத்தைக் குறைத்தார். மூன்றாம் நாள் ரேடியோ எங்கே, ரேடியோ எங்கே என்று கேட்டு நின்றுவிட்டது. பழைய காலத்தில் பின்பக்கம் ஒரு சொருகுவாயில் ரேடியோவை மாட்டியிருப்போம். இந்த லேப்டாப்பில் அந்த வாயே கிடையாது. மாட்டியிருக்கிறது என்று அதனிடம் பொய் சொல்லி வைத்தார். நாலாம் நாள் பச்சை எழுத்தில் என் லாக் வந்தது. நான் அழவில்லை. அந்த அம்மா அழுததாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

அன்றைக்கே ஒரு பிரசுரம் அடித்தேன். "துரோகியின் பெயர் வாசிப்பு. ஞாயிறு காலை பத்து மணி. சங்கக் கட்டடம். சாட்சிகள் தவறாமல் வருக." ஒரு பிரதியை சவரி வீட்டுக் கதவில் நானே ஒட்டினேன்.

அது இன்றைக்குக் காலை. பழைய ஆட்களில் நடக்க முடிந்தவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். கோமதி வந்தது. தங்கபுஷ்பம் லேப்டாப்போடு வந்தார். பழைய பெட்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். கடைசியாக சவரி வந்தான். கூன் போட்டு, வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

"என்ன வே, என் கலியாணத்துக்குக்கூட இப்படி நோட்டீஸ் அடிக்கல. சாட்சி எத்தனை பேரு?" என்றான்.

"அஞ்சு."

"நானும் போடுதேன். பேரு என்னவா இருந்தாலும் சாட்சி சாட்சிதானே."

மினிட் புத்தகத்தில் ஐந்து பேரும் போட்டார்கள். கோமதி கைநாட்டு வைத்தது. சவரி இடது கையால் எழுதினான். சின்னப் பிள்ளை எழுத்து மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. எழுதி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது.

ஸ்கிரீனைத் திருப்பி வைத்து விளக்கினேன். இதோ சவரி பெயர். இதோ பால்வண்ணன், பம்ப்செட். இதோ ஒன்று இருபது. ஐந்தரை கூட்டினால் ஆறு ஐம்பது. வெட்டு ஏழேகால். கோமதி விரல்விட்டு எண்ணிப் பார்த்தது. புத்தகத்தை எடுத்தேன்.

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்றார் தங்கபுஷ்பம். "லண்டன் நேரத்துக்கு இத்தனை மணி கழிக்கணும்னு மொதல்ல நாமதானே இதுக்குச் சொல்லணும். நீங்க எத்தனை சொல்லி வச்சீங்க?"

"அஞ்சரை. வேற என்ன சொல்லுவேன்?"

"அஞ்சரையை இது வாங்காதே. நேத்து நானும் போட்டுப் பாத்தேன், கத்துது. முழுசா அஞ்சு, இல்ல ஆறு. அரை மணி நேர வித்தியாசத்துல ஒரு நாடு இருக்கும்னே எழுதினவனுக்குத் தெரியல."

இரண்டு பொத்தானைத் தட்டினார். ஒரு கட்டம் வந்தது. அதில் ஆறு இருந்தது.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. புரோகிராம் போட்ட அன்றைக்கு ஐந்தரை அடித்தேன். பீப் என்றது. மறுபடி அடித்தேன். பீப். எரிச்சலில் ஆறு போட்டேன். பால்வண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அரை மணி நேரத்துல புரட்சி ஒண்ணும் தப்பிப் போவாது, விடும்" என்று சிரித்தான்.

"வெளங்கல தாயி" என்றது கோமதி.

தங்கபுஷ்பம் வாயால் விளக்கவில்லை. லாக்கில் புதிதாக ஒரு வரி பதிந்தார். மெஷின் தானாக நாலு நாற்பது என்று போட்டது. "அஞ்சரை கூட்டுங்க" என்றார். பத்து பத்து. எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பத்து நாற்பது.

அரை மணி நேரம் அய்யா. அந்த லாக்கில் இருக்கிற ஒவ்வொரு வரியும் அரை மணி நேரம் பின்தங்கி நிற்கிறது. அப்படியானால் சவரி கூப்பிட்டது ஆறு ஐம்பது இல்லை. ஏழு இருபது. வெட்டு விழுந்து ஐந்து நிமிடம் கழித்து.

"அன்னைக்கு என்ன அடிச்சீங்க அண்ணன்?" என்று கோமதி அவனைக் கேட்டது.

"இட்லி கொண்டு போனேன் தாயி. பனைக்கு மறவுல நின்னு பாத்தேன். பயம், கிட்டப் போகல. அவனுக போனதும் வீட்டுக்கு ஓடிவந்து அடிச்சேன். பால்வண்ணன் பம்ப்செட்டுல கெடக்கான், உசுரு இருக்கு, வேனைக் கொண்டான்னு. மூணு தடவை அடிச்சேன்."

"அப்ப அதுக்கு முந்தி எடத்தைச் சொன்னது யாரு?"

நான் வேண்டாம் என்று கையைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. தங்கபுஷ்பம் ஒரே ஒரு வரி மேலே போனார். அரை மணியைத் திருத்திப் பார்த்தால் காலை ஆறு முப்பத்தைந்து. அனுப்பியது நான். சவரிக்கு. மிளகாய்த் தோட்டத்துப் பம்ப்செட்டுக்கு நாலு இட்லி.

ஒரு நியாயம் சொல்லுங்கள். நான் பெயரைச் சொல்லவில்லை. இட்லி என்றுதான் சொன்னேன். கதவடைப்புக் காலத்தில் ஒரு தோட்டத்துக்கு இட்லி போகக் கூடாதா? அந்தக் கப்பற்படைக்காரன் கேட்டான் என்றால் அது அவன் குற்றம். ஐந்தரையை எண்ணத் தெரியாத அமெரிக்காக்காரன் குற்றம். இதை அங்கேயும் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முப்பது வருடம் மேடையில் மறுத்துப் பேசியவன் நான்.

அன்றைக்குச் சவரியைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேரில் ஒருவன் அங்கே இருந்தான். அவன்தான் வாய் திறந்தான். "கூட்டத்தை ஒத்தி வைப்போம் தோழர். தூண் திறக்கட்டும், அப்புறம் பேசிக்கிடலாம்."

"பேரு ஒண்ணும் வேண்டாம் வே" என்றான் சவரி. "வயசாயிட்டு. வீட்டுக்குப் போவோம்."

அவன் அதைச் சொன்ன விதம்தான் எனக்கு ஆகவில்லை. பிச்சை போடுகிற மாதிரி. கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பிச்சை போடுகிறான். ஆசிட்டில் காது போனவன், லாக்கப்பில் நகம் போனவன், எவனிடமும் மன்னிப்பு வாங்கிப் பழக்கம் இல்லாதவன் நான். சங்கிலிக்குச் சலுகை கொடுத்தார்கள் என்று நாளைக்கு எவனாவது பேசுவான். அதற்கு ஒரு வார்த்தை சொன்னேன்: "சாட்சி கையெழுத்து ஆயிட்டு. கையெழுத்து ஆனா பேரு வாசிக்கணும். விதி விதிதான்."

கோமதி என் முகத்தைப் பார்த்தது. "வாசிங்க" என்றது. அண்ணன் என்று சொல்லவில்லை.

எழுந்து நின்றேன். துண்டைத் தோளிலிருந்து எடுத்தேன். வாசிக்கிறவன் நின்றுதான் வாசிக்க வேண்டும், உரக்க வாசிக்க வேண்டும், திக்கக் கூடாது. மினிட் புத்தகத்தை விரித்துப் பிடித்தேன். அங்கே இருந்த எட்டுப் பேரும் கேட்டார்கள், ரோட்டில் போனவர்களும் நின்று கேட்டார்கள்.

எலெக்ட்ரிகல் பிரிவு. டோக்கன் எண் நானூற்றுப் பன்னிரண்டு. தகப்பனார் பெயர் ஊர்க்காவலன். பெயர், சங்கிலி.